ஆறு வருசக் கணக்கு

2023 மார்கழி. நான் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம். ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகை, பகலில் பொதி கட்டும் வேலை. எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்யும் அண்ணை ஃபோனை நீட்டினார்.

"இஞ்ச பார் தம்பி, வருகுது."

கலிபோர்னியாவிலிருந்து ஒரு குட்டி விமானம் வரைபடத்தில் எங்கட பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. யாரோ மந்திரியாக்கும் என்று நினைத்தேன்.

மந்திரி இல்லை, ஷோஹெய் ஓட்டானி என்ற ஜப்பானிய பேஸ்போல் ஆட்டக்காரர். ரொறன்ரோ அணியில் சேர வருகிறார் என்று கதை. அந்த வருசம் 44 ஹோம் ரன் (எங்கட சிக்ஸர் மாதிரி) அடித்தவர், பந்தும் எறிபவர். ஏஞ்சல்ஸ் அணியில் 2018இலிருந்து ஆறு பருவம் ஆடி முடித்ததால் ஃபிரீ ஏஜென்ற். இனி எந்த அணியோடும் பேசலாம். ஊரில் ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய எனக்கு இது விளங்கவில்லை. இங்கே சுத்தியலும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆளின் முகவர் மூடிய அறைக்குள் பேசுவார். எங்கே போவது என்று ஆட்டக்காரரே முடிவெடுப்பார்.

"அந்த ஆறு வருசத்துக்குள்ள?" என்று கேட்டேன்.

"அணி வைச்சதுதான் சட்டம். வேற இடத்துக்கு அனுப்பினாலும் போகத்தான் வேணும்."

பருப்புச் சோறு கையிலேயே நின்றது. என்ர வேலை அனுமதியும் ஒரே முதலாளியின் பெயரில்தான் இருந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் மணிக்கு மூன்று டொலர் கூடக் கிடைக்கும் என்று தெரியும். புது அனுமதி இல்லாமல் அந்தப் படி ஏற ஏலாது. 1969இல் தன்னை வேறு அணிக்கு மாற்றியதை ஏற்காமல் கேர்ட் ஃபிளட் என்ற பேஸ்போல் ஆட்டக்காரர் 1970இல் வழக்குப் போட்டாராம். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975 கடைசியில் வந்த ஒரு நடுவர் தீர்ப்புத்தான் கதவைத் திறந்தது. அதற்குள் அவர் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். இதை அன்றிரவு படுக்கையில் கிடந்து வாசித்தேன். பேஸ்போல் விதி ஒன்றும் தெரியாமலே ஃபிளட்டை மட்டும் தெரிந்துகொண்டேன்.

விமானத்திலிருந்து இறங்கியது றொபேர்ட் ஹெர்ஜவெக் என்ற கனடிய வியாபாரி. அடுத்த நாள் ஓட்டானி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிப் பக்கம் போனார். பத்து வருசத்துக்கு 70 கோடி அமெரிக்க டொலர். அதிலும் ஆடும் காலத்தில் வருசம் 20 இலட்சம்தான். மீதி 68 கோடி 2034இலிருந்து 2043 வரை, வட்டியில்லாமல்.

சீட்டுப் பிடிக்கும் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. "கடைசிச் சீட்டு எடுக்கிறவனுக்குக் கழிவுக்காசாவது மிஞ்சும். இவனுக்கு அதுவும் வேண்டாமாம்!"

2024 மார்கழியில் ஹுவான் சொட்டோ என்ற இன்னொரு ஃபிரீ ஏஜென்றையும் ரொறன்ரோ கேட்டுப் பார்த்தது. 15 வருசம், 76.5 கோடி என்று நியூயோர்க் மெற்ஸ் அணி கொண்டுபோனது. "பொம்பிளை பார்க்கப் போய்ப் பலகாரம் திண்டதுதான் எங்களுக்கு மிச்சம்" என்றார் அண்ணை.

2025 சித்திரையில்தான் அவர் முகம் மலர்ந்தது. விளாடிமிர் குரேரோ ஜூனியர் 14 வருசம், 50 கோடிக்கு ரொறன்ரோவிலேயே நிற்க ஒப்புக்கொண்டார். தகப்பன் மொன்றியால் அணியில் ஆடிய காலத்தில் அங்கே பிறந்த பிள்ளை. அந்தப் பருவம் முடிந்திருந்தால் அவரும் ஃபிரீ ஏஜென்ற்.

"ஆறு மாதம் பொறுத்திருந்தால் எங்கேயும் போயிருக்கலாமே, அண்ணை?"

அண்ணை அதே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசம். பெட்டிக்கு ரேப் ஒட்டிக்கொண்டே கேட்டார்:

"இந்த மாதச் சீட்டுக்காசு கொண்டுவந்தனியோ?"