பியர்டட் டிராகன் குட்டி வளரவில்லையா? முதலில் சூட்டை அளந்து பாருங்கள்

கூடப் பிறந்த குட்டிகள் ஒரு சாணைத் தாண்டிய பிறகும் ஒன்று மட்டும் பொடிசாகவே நின்றால், நம் கை உடனே பூச்சி டப்பாவுக்குத்தான் போகும். பெரும்பாலும் குறை அங்கே இருக்காது. பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு நிலத்து ஓணான். உடம்பு சூடேறினால்தான் தின்றது செரிக்கும். சூடு போதாவிட்டால் தீனி வயிற்றிலேயே கிடக்கும், பசி எடுக்காது, எடையும் ஏறாது.

அது வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 25 முதல் 28. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது காட்டுவது சுவரோரக் காற்றின் சூட்டை. அகச்சிவப்பு வெப்பமானியைக் கல்லுக்கு நேராகப் பிடித்து அளந்தால் உண்மை தெரியும். விளக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். இரவில் எந்த நிற விளக்கும் வேண்டாம்.

அடுத்தது யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை. சுருள் பல்பு போதாது. கூண்டு நீளத்தில் பாதிக்குக் குறையாத டி5 எனும் மெல்லிய குழல் விளக்கு, யூவிபி 10 அல்லது 12 சதவீத வகை வேண்டும். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், கம்பிவலையும் கணிசமாகக் குறைக்கும். வெளிச்சம் பளிச்சென்று இருந்தாலும் மாதங்கள் போகப்போக யூவிபி தேய்ந்துவிடும், அதனால் தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில் குழலை மாற்றுங்கள். யூவிபி இல்லாமல் உடம்பு வைட்டமின் டி3 உண்டாக்காது, அது இல்லாமல் கொடுக்கும் கால்சியம் எலும்பில் சேராது. கீழ்த்தாடையின் ஓரத்தை விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நகம்போல் கெட்டியாக இருந்தால் நல்லது. ரப்பர்போல் வளைந்தாலோ, கால்விரல்கள் தானாகத் துடித்தாலோ எலும்பு நோய் தொடங்கிவிட்டது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இத்தனையும் சரியென்றால் தீனிக்கு வரலாம். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து முதல் வேளை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொன்றும் 10, 15 நிமிடம் தின்கிற அளவு. பூச்சி அதன் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தை மிஞ்சக் கூடாது. பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியை நாளுக்கு ஒரு வேளைத் தீனியில் தூவுங்கள். பொடியாக நறுக்கிய கீரையும் தினமும் இருக்கட்டும், பசலைக்கீரை மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சப் பூச்சியை எடுத்துவிடுங்கள், இரவில் சில்வண்டு குட்டியையே கடிக்கும்.

ஒரே கூண்டில் இரண்டு குட்டிகள் இருந்தால் இன்றே பிரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பது பாசம் அல்ல. மேலே இருப்பது சூட்டையும் யூவிபியையும் தனக்கென எடுத்துக்கொள்கிறது. முன்னங்காலை மெதுவாகச் சுழற்றி அசைக்கும் குட்டி பணிந்துபோகிறது. தட்டில் பூச்சி இருந்தாலும் அது முன்னால் வராது. தனியாக வைத்ததுமே பல குட்டிகள் தின்னத் தொடங்கிவிடும்.

வாரம் ஒருநாள், முதல் தீனிக்கு முன், கிராம் காட்டும் சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். வால்நுனி கடிபட்டிருக்கலாம் என்பதால் நீளத்தைவிட எடைதான் நம்பகம். எல்லாம் சரிசெய்தும் இரண்டு வாரம் எடை ஏறவில்லை என்றால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, குடற்புழு, அடினோவைரஸ் என்ற வைரஸ் தொற்று ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஊகத்தில் புழு மருந்து கொடுக்காதீர்கள், நீர்ச்சத்து குறைந்த குட்டிக்கு அதுவே ஆபத்து. அன்றைய எச்சத்தைக் காய்வதற்குள் சிறு டப்பாவில் மூடி, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் குட்டியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.