லயிப்பும் சோபாவும்

சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "ம்" என்பதற்கு மேல் பதில் வராது. எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார், இடுக்குப் புள்ளி 15-ல் தொடங்கி 8 வரை வைத்துவிட்டுக் குனிந்தாரென்றால் பால்காரர் மணியடிப்பதுகூடக் காதில் விழாது. கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு தப்பினால் அடுத்த புள்ளியிலேயே காட்டிக்கொடுத்துவிடும், விரலால் அழித்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டியதுதான்.

இந்த லயிப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி (பெயரை ஒரே மூச்சில் சொன்னால் நீங்கள் கெட்டிக்காரர்). ஹங்கேரியக் குடும்பம், சிகாகோவில் பேராசிரியர், 2021-ல் காலமானார். பாறை ஏறுகிறவர்கள், சதுரங்கக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரிடமும் கேட்டு அவர் கண்டது: வேலை நம் கைத்திறனை முழுசாகக் கேட்க வேண்டும், சரியா தப்பா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். சுலபமென்றால் கொட்டாவி, ரொம்பக் கஷ்டமென்றால் பதற்றம். அத்தையை 5 புள்ளிக் கோலம் போடச் சொன்னால் சீரியல் கதை பேசிக்கொண்டே முடித்துவிடுவார். அதனால்தான் மார்கழிக்கு ரொம்ப முன்னாலேயே நோட்டில் பெரிய கோலமாகப் பழக ஆரம்பித்துவிடுகிறார்.

சிக்சென்ட்மிஹாயி செய்ததில் எனக்குப் பிடித்தது பேஜர் சோதனை. வேலைக்குப் போகும் 78 பேர் ஒரு வாரம் பேஜரோடு திரிந்தார்கள். அது நேரங்கெட்ட நேரத்தில் கத்தும், அந்த நிமிஷம் என்ன செய்கிறோம், மனசு எப்படி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். 1989-ல் வந்த முடிவு வேடிக்கையானது. லயிப்பு அதிகம் கிடைத்தது வேலையில், ஓய்வில் இல்லை. ஆனால் வேலை நேரத்தில்தான் "வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால் தேவலை" என்றும் அதிகம் தோன்றியிருக்கிறது!

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. லயித்திருக்கும்போது சந்தோஷமெல்லாம் தெரியாது, சந்தோஷமாக இருக்கிறோமா என்று பார்க்க அங்கே ஆளே இல்லை. முடித்து நிமிர்ந்த பிறகுதான் தெரியும், இடுப்பு வலியோடு சேர்த்து. சோபா அப்படியா, விழுவதற்கு முன்பே சுகம். மனசு அதற்குத்தான் ஓட்டுப் போடும்.

ரீல்ஸ் பார்த்தாலும் நேரம் போவது தெரியாதே என்பீர்கள். தெரியாதுதான். ஆனால் அதில் தப்பாக வளைந்த கோடு என்று ஒன்று கிடையாது, கட்டைவிரல் புதிதாகப் பழக எதுவும் இல்லை. இப்போதெல்லாம் பேஜருக்குப் பதில் போனிலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கேள்வி வந்து குறுக்கே நின்றால் நாம் என்ன எழுதுவோம் என்றுதான் யோசிக்கிறேன்.