500 கோடியும் 18,200 கோடியும்

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டப்பேரவையில் வாசித்த நிதிநிலை அறிக்கையில், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி ரூபாய் மதிப்பில் 'தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கம் 2030', அதாவது மின்னணுக் கருவிகளுக்கான சிப் தொழிலை வளர்க்கும் திட்டம், செயல்படுத்தப்படும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. அதைக் கேட்ட பலரும் முதலில் கேட்டது, இந்தத் தொகையை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்பதுதான். குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான பிஎஸ்எம்சியோடு சேர்ந்து கட்டிவரும் சிப் ஆலையின் திட்டச் செலவு 91,000 கோடி. அந்த மாநிலத்தின் கொள்கைப்படி அதில் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசே மானியமாகத் தர வேண்டும் என்பதால், ஒரே ஆலைக்கு 18,200 கோடி என்று கணக்கு வருகிறது. நம்முடைய இயக்கத்தின் மொத்தத் தொகையைப் போல இது 36 மடங்குக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழ்நாடு பின்தங்கிவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. அந்த முடிவு சரியல்ல என்று எனக்குத் தோன்றுவதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாயில் இந்திய செமிகண்டக்டர் இயக்கத்தைத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, சிலிக்கான் தட்டில் சுற்றுகளை உருவாக்கும் ஆலையாக இருந்தாலும், அந்தச் சிப்களைத் துண்டித்து, உறையிட்டு, சோதித்து அனுப்பும் ஆலையாக இருந்தாலும், திட்டச் செலவில் பாதியை ஒன்றிய அரசே ஏற்கும் என்றாகியது. நிறுவனம் தன் பங்கை முதலீடு செய்யச் செய்ய அரசின் பங்கும் அதே விகிதத்தில் விடுவிக்கப்படும். மாநிலங்களின் மானியம் இதன் மேல் ஏறி உட்காருகிறது. ஒன்றிய அரசு தரும் உதவியில் 40 விழுக்காட்டைக் கூடுதலாகத் தருவோம் என்று 2022 ஜூலையிலேயே தனிக் கொள்கை வெளியிட்டது குஜராத். பாதியில் 40 விழுக்காடு என்பது மொத்தத்தில் 20 விழுக்காடு. ஆக, 100 ரூபாய் திட்டத்தில் 70 ரூபாய் பொதுப்பணம், 30 ரூபாய் நிறுவனத்தின் பணம். உத்தரப் பிரதேசம் பின்னர் கொண்டுவந்த கொள்கையில் அந்த 40 விழுக்காடு 50 ஆக உயர்ந்தது.

இந்த ஏற்பாட்டில் பலர் கவனிக்காத ஒரு கூறு உண்டு. ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த திட்டத்துக்குத்தான் மாநிலத்தின் கூடுதல் மானியத்துக்கு வேலை. எந்த மாநிலம் எவ்வளவு தாராளமாக அறிவித்திருந்தாலும், டெல்லியில் கோப்பு நகரவில்லை என்றால் அந்தத் தாராளம் தாளோடு நின்றுவிடும். தமிழ்நாடு தன் செமிகண்டக்டர் மற்றும் மேம்பட்ட மின்னணுவியல் கொள்கையை 2024 ஜனவரியில், உலக முதலீட்டாளர் மாநாட்டின்போது வெளியிட்டது. அதற்குள் அமெரிக்கச் சிப் நிறுவனமான மைக்ரானின் திட்டம் குஜராத்தின் சானந்துக்கு முடிவாகி அரை ஆண்டு கடந்திருந்தது. அடுத்த மாதமே, 2024 பிப்ரவரி 29 அன்று, ஒன்றிய அமைச்சரவை தோலேரா, சானந்த், அசாமின் ஜாகிரோடு ஆகிய மூன்று இடங்களுக்கு ஒரே நாளில் ஒப்புதல் தந்தது. 2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்றவை ஆறு மாநிலங்களில் 10 திட்டங்கள், மொத்தம் ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ரூபாய் முதலீடு. அந்தப் பத்தில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. நாம் தாமதமாக வந்தோம் என்பது இதற்கு ஒரு காரணம். அரசியலும் ஒரு காரணமா என்ற கேள்வியைச் சென்னையில் மட்டுமல்ல, ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் கேட்கிறார்கள். முதலில் தெலங்கானாவில் ஆலை அமைப்பதாகச் சொன்ன, மின்னணுப் பொருள் தயாரிக்கும் கெய்ன்ஸ் நிறுவனம் பின்னர் சானந்துக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அந்த 10 திட்டங்களில் ஒன்று இங்கே வந்திருந்தால் என்ன விலை கொடுத்திருப்போம் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மைக்ரானின் சானந்த் திட்டத்தின் மதிப்பு 22,516 கோடி. அதில் 20 விழுக்காடு, அதாவது சுமார் 4,500 கோடி, குஜராத் அரசின் பங்கு. நேரடி வேலைவாய்ப்பு 5,000 வரை என்று சொல்லப்பட்டது. மாநிலத்தின் பணத்தை மட்டும் வகுத்தாலே ஒரு வேலைக்கு 90 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் பங்கையும் சேர்த்தால் மூன்று கோடியைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை வெளிப்படையாகப் போட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். 2024 ஜூனில் ஒன்றியக் கனரகத் தொழில் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற சில நாட்களில் எச்.டி.குமாரசாமி பெங்களூருவில் இதையே கேட்டார். பிறகு, தான் சொன்னது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்று விளக்கமும் தந்தார். விளக்கம் தந்ததால் வகுத்தல் கணக்கு மாறிவிடாது.

வேலைவாய்ப்பை மட்டும் வைத்துச் சிப் ஆலையை அளக்கக் கூடாது, அது நாட்டின் தற்சார்புக்கான செலவு என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். நியாயமான பதில்தான். ஆனால் நாட்டின் தற்சார்புக்கான செலவு என்றால் அதை நாட்டின் கருவூலம் ஏற்பதுதானே முறை? பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் பணம் தேட வேண்டிய மாநிலக் கருவூலம் ஏன் 20 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும்? மாநிலங்கள் ஒன்றையொன்று விஞ்சப் போட்டியிடும்போது அந்தப் போட்டியின் லாபம் எந்த மாநிலத்துக்கும் போவதில்லை. பேரம் பேசும் நிறுவனத்துக்குத்தான் போகிறது.

அமெரிக்காவில் இந்தப் போட்டி நமக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017இல் விஸ்கான்சின் மாநிலம் பாக்ஸ்கான் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைகளை அறிவித்தது. 13,000 பேருக்கு வேலை என்று சொல்லப்பட்ட திட்டம் சுருங்கிக்கொண்டே போய், 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வேலைகள் 1,454 ஆகவும் சலுகை 8 கோடி டாலராகவும் குறைந்தன. மாநிலம் பெருமளவு தப்பித்ததற்குக் காரணம், வேலையும் முதலீடும் கண்ணில் தெரிந்த பிறகே வரிச்சலுகை என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்ததுதான். ஆனால் ஆலைக்காக உள்ளூர் நிர்வாகங்கள் நிலம் வாங்கவும் சாலை போடவும் செய்த செலவை அந்த நிபந்தனை காப்பாற்றவில்லை. நியூயார்க் மாநிலம் மைக்ரானுக்கு 20 ஆண்டுகளில் 550 கோடி டாலர் வரை தருவதாக 2022இல் ஒப்புக்கொண்டபோதும், தொகையை முதலீட்டோடும் வேலை எண்ணிக்கையோடும் கட்டிப்போட்டே ஒப்புக்கொண்டது.

நமக்கும் சொந்த அனுபவம் இருக்கிறது. 2005இல் ஒப்பந்தம் செய்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியாவுக்கு வரியைத் திருப்பித் தரும் சலுகை வழங்கப்பட்டது. அந்தச் சலுகையின் அளவு குறித்துத் தணிக்கைத் துறை பின்னர் கேள்வி எழுப்பியது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. பணம் மொத்தமும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆலையில் பழகிய கைகளும், அதைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகத் தொழிலும், மூடிக் கிடந்த வளாகத்தைப் பின்னர் எடுத்துக்கொண்டு சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனமும் இல்லாமல் இன்றைய மின்னணு ஏற்றுமதியைக் கற்பனை செய்ய முடியாது. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 41 விழுக்காட்டுக்கும் மேல். நிறுவனம் போன பிறகும் ஊரில் தங்கியவை திறமையும் கட்டமைப்பும்தான். திருப்பித் தந்த வரிப்பணம் நிறுவனத்தோடு போய்விட்டது.

மாநில அரசின் பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இதிலிருந்துதான் வருகிறது. நிறுவனம் வெளியேறினாலும் மண்ணில் மிஞ்சும் ஒன்றில் அது போக வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அங்கே சிப்காட் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. அதைப் பயன்படுத்துவது பாக்ஸ்கான் தொழிலாளர்கள். ஆனால் கட்டடம் அரசின் சொத்து. இன்னொரு எடுத்துக்காட்டு தண்ணீர். சிப் ஆலைகளுக்கு மிகத் தூய்மையான நீர் ஏராளமாகத் தேவை. சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறது. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை குழாயில் போகிறது. 2019 கோடையில் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தில், தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் ஒரே ஏரியிலிருந்து நீர் எடுக்க வேண்டாம் என்ற நிலையை உருவாக்குவது எந்த மூலதன மானியத்தையும் விடப் பெரிய சலுகை. ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தாலும் பல வார உற்பத்தி பாழாகிவிடும் என்பதால் தடையில்லா மின்சாரமும் இதே வகைதான். நிலம், நீர், மின்சாரம் மூன்றும் பெருமளவில் மாநிலத்தின் கையில் இருப்பவை. குஜராத் வென்றதற்கும் மானியம் மட்டும் காரணமல்ல. தோலேராவில் நிலம் தொகுக்கப்பட்டு, சாலையும் கால்வாயும் போடப்பட்டுத் தயாராகக் காத்திருந்தது.

இனி அந்த 500 கோடிக்கு வருகிறேன். சிப் வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை, சென்னை ஐஐடியோடு சேர்ந்து 100 கோடியில் ஒரு வடிவமைப்பு ஆய்வகம், சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்காக்கள், திறன் பயிற்சி என்று அது பிரிகிறது. இந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. சிப்பை வடிவமைக்கும் சிறு நிறுவனத்துக்கு ஆலை தேவையில்லை. அதற்கு வடிவமைப்பு மென்பொருளின் உரிமம், பலருடைய வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் தட்டில் சேர்த்து அச்சடிக்கும் வாய்ப்பு, வந்த சிப்பைச் சோதிக்கும் கருவி ஆகியவை தேவை. இவை ஒவ்வொன்றும் தனியாக வாங்கினால் தொடக்க நிறுவனத்தை மூழ்கடித்துவிடும். பொதுவில் ஓரிடத்தில் இருந்தால் பலருக்குப் பயன்படும். சக்தி நுண்செயலி உருவானது சென்னை ஐஐடியில். அங்கே வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் 28 நானோமீட்டர் நுட்பத்தில் தன் சிப்பை வெளியிட்டது. இந்த வரிசையில் இன்னும் பத்து நிறுவனங்கள் வந்தால், 500 கோடி என்பது சிறிய தொகை அல்ல. மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் 1980களில் தொடங்கிச் சிப்களுக்கு உறையிட்டுச் சோதிக்கும் தொழிலைச் செய்துவந்திருக்கிறது என்பதை இங்கே இடையில் சொல்லி வைக்கிறேன். இந்தத் தொழில் நம் மண்ணுக்குப் புதிது என்று மேடைகளில் பேசுவோர் அந்த வழியாக ஒருமுறை போய் வரலாம்.

சூலூர், பல்லடம் பூங்காக்கள் பற்றி எனக்கு நம்பிக்கையும் உண்டு, கவலையும் உண்டு. சிப் ஆலையின் செலவில் பெரும்பகுதி இயந்திரங்களுக்கே போகிறது. அந்த இயந்திரங்களின் உள்ளே இருப்பவை வெற்றிட அறைகள், வால்வுகள், வாயுவைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் கடைந்தெடுத்த அலுமினியப் பாகங்கள். பம்பும் நூற்பாலை இயந்திரமும் செய்து பழகிய கோவைக்கு இது எட்டாத வேலை அல்ல. ஆனால் அந்த வேலையைப் பழக்கத்தில் வைத்திருப்பவை பெரும்பாலும் ஜாப் ஆர்டர் எடுத்து ஓட்டும் குறுந்தொழிற்கூடங்கள். நான்கைந்து லேத்துகளும் ஒன்றிரண்டு சிஎன்சி இயந்திரங்களும் வைத்து வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்துபவருக்கு, ஏக்கர் கணக்கில் மனை பிரித்து விற்கும் பூங்காவால் பயன் இல்லை. அவருக்கு வேண்டியது பாகங்களைத் துல்லியமாக அளந்து பார்க்கும் அளவையியல் ஆய்வகம், தூய்மை அறையில் பாகங்களைக் கழுவி உறையிடும் பொது வசதி, வெளிநாட்டு இயந்திர நிறுவனங்கள் ஏற்கும் தரச்சான்று பெறுவதற்கான செலவில் ஒரு பங்கு. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ ஏற்கெனவே டான்கேம், டான்சாம் என்ற பெயர்களில் மேம்பட்ட உற்பத்திக்கான மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அவற்றின் கதவு சென்னையில் திறக்கிறது. பீளமேட்டுப் பட்டறைக்காரர் ஒரு பாகத்தை அளந்து பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறமாட்டார்.

ஒன்றிய அரசின் மின்னணு உதிரிபாகத் திட்டத்துக்கு இணையாகத் தமிழ்நாடு 2025 ஏப்ரல் இறுதியில் அறிவித்த திட்டம், இந்த 500 கோடி இயக்கத்துக்கு மாறாக, ஒன்றிய ஒப்புதலைச் சார்ந்தே நிற்கிறது. ஆயினும் அது பலன் தந்திருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அரசு முதலில் ஒப்புதல் தந்த ஏழு திட்டங்களில் ஐந்து தமிழ்நாட்டில் அமைபவை. சானந்துக்குப் போன அதே கெய்ன்ஸ் குழுமத்தின் மின்சுற்றுப் பலகைத் திட்டங்களும் அவற்றில் அடக்கம். ஏற்கெனவே வேரூன்றிய தொழிலின் அடுத்த படிக்கு மானியம் தந்தால் அது பற்றிக்கொள்கிறது என்பதையே இது காட்டுகிறது.

எனக்குள்ள பெரிய குறை வெளிப்படைத்தன்மை பற்றியது. அறிவிப்பு நாளில் முதலீடு, வேலைவாய்ப்பு எண்கள் தலைப்புச் செய்தியாகின்றன. பிறகு எவ்வளவு மானியம் எந்த நிபந்தனை நிறைவேறியதால் வழங்கப்பட்டது என்பது சாதாரண வாசகர் எட்டும் இடத்தில் இருப்பதில்லை. 2022 ஜூலையில் சிங்கப்பூரின் ஐஜிஎஸ்எஸ் வென்ச்சர்ஸ் நிறுவனத்தோடு 25,600 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது வந்த படங்கள் இன்றும் இணையத்தில் இருக்கின்றன; ஆலை வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் துறைக்கான மானியக் கோரிக்கை விவாதத்தின்போது தொழில் துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில், இந்த 500 கோடியில் எவ்வளவு செலவானது, எத்தனை நிறுவனங்கள் வடிவமைப்பு ஆய்வகத்தைப் பயன்படுத்தின, அவற்றில் எத்தனை சிப்பை அச்சடிக்கும் கட்டம் வரை போயின, சூலூரிலும் பல்லடத்திலும் மனை பெற்றவர்களில் எத்தனை பேர் குறுந்தொழில் செய்பவர்கள் என்ற நான்கு எண்களை ஒரே அட்டவணையில் அரசு வெளியிட வேண்டும். முதல் மனை ஒதுக்கப்படுவதற்கு முன்பே இந்த அட்டவணையின் வடிவம் முடிவாகிவிட வேண்டும்.