அந்த 3 மணி நேரம் எங்கே தொடங்குகிறது: டிஸ்சார்ஜ் வரைபடக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனை ஊழியர்களோடு சேர்ந்து அதன் டிஸ்சார்ஜ் நடைமுறையை வரைபடமாக்குகிறேன். கேஷ்லெஸ் டிஸ்சார்ஜ் (பில்லை மருத்துவமனைக்குக் காப்பீடே நேரடியாகக் கட்டும் வகை) எப்போது தொடங்குகிறது? ஐந்து பேரிடம் ஒரே கேள்வி. டாக்டர் ரவுண்ட்ஸில் "போகலாம்" என்றதும் என்கிறது வார்டு. டிஸ்சார்ஜ் சம்மரி கையெழுத்தானதும் என்கிறார் டியூட்டி டாக்டர். மருந்து ரிட்டர்ன் (மிச்ச மருந்தை ஃபார்மசிக்குத் திருப்புவது) முடிந்ததும், ஃபைனல் பில் போட்டதும், காப்பீட்டுப் போர்டலில் ஏற்றியதும் என்று மற்ற மூன்று பதில்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே 29 தேதியிட்ட சுற்றறிக்கையைப் பிரித்து வைத்திருக்கிறேன். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக ஏதும் வசூலித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் பணம் யார் பையிலிருந்து போகும் என்பது.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் சூழல் வரைபடம். நடுவில் டிஸ்சார்ஜ் செயல்முறைக்கு ஒரே ஒரு வட்டம், சுற்றிலும் வெளியாட்கள்: நோயாளியின் குடும்பம், டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் இடை நிறுவனம்), காப்பீட்டு நிறுவனம். ஃபார்மசி உள்ளேயா வெளியேயா என்று அரை மணி நேரம் போனது. ஒப்பந்தத்தில் நடக்கிறது, அதன் ஸ்டாக் மென்பொருள் தனி, நம் கையில் மாற்ற முடியாது. வெளியே.

அம்புகளின் மேல் "அனுப்புகிறது", "சரிபார்க்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அழித்தேன். சூழல் வரைபடத்து அம்பு வினைச்சொல்லைச் சுமக்காது, போகும் பொருளின் பெயரைத்தான் சுமக்கும்: ஃபைனல் பில், சம்மரி, கேள்விக் கடிதம். பெயர் வைக்க முடியாத அம்பு என்றால் அங்கே என்ன போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். இன்று அப்படி ஒன்று கிடைத்தது, ஃபார்மசியிலிருந்து பில்லிங்குக்கு. கடைசியில் பார்த்தால் அது ஒரு போன் கால்.

மார்ச் 5, புதன்

போர்டலில் "பெறப்பட்டது" என்று வருகிறதே, யாருக்குக் கிடைத்ததாம்?

மார்ச் 7, வெள்ளி

பி.பி.எம்.என். (வேலை ஓட்டத்தை வரையும் குறியீட்டு முறை) முதல் வரைவு. மருத்துவமனைக்கு ஒரு பூல், அதாவது ஓர் அமைப்புக்கான பெட்டி, அதில் ஆளுக்கு ஒன்றாக நான்கு லேன்: டாக்டர், வார்டு, பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க். ஃபார்மசிக்கும் டி.பி.ஏ.வுக்கும் தனித்தனிப் பூல், இரண்டும் மூடிய பெட்டி. அவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஊகித்து வரைவது வீண் வேலை. ஒரு பூலிலிருந்து இன்னொன்றுக்கு முழுக்கோடு போகக் கூடாது, விட்டுவிட்டு வரைந்த கோடு மட்டும். இதைத் தவறவிட்டால் டி.பி.ஏ.வின் வேலையை நாம் கட்டுப்படுத்துகிறோம் என்று படம் பொய் சொல்லும்.

பெரிய சிக்கல் சாய்சதுரங்களில், அதாவது பாதை பிரியும், சேரும் கேட்வேக்களில். ரவுண்ட்ஸ் முடிந்ததும் கூட்டல் குறி போட்ட கேட்வேயில் வேலை மூன்றாகப் பிரிகிறது: சம்மரி, மருந்து ரிட்டர்ன், ஃபைனல் பில். திரும்பச் சேரும் இடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. வரைந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்று ஒரு ரூபாய் நாணயங்களைச் சார்ட் தாளில் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். பெருக்கல் குறி யாருக்காகவும் காத்திருக்காது. முதல் நாணயம் வந்ததும் விட்டுவிடும், அடுத்ததையும் விடும். "போர்டலில் ஏற்று" என்ற பெட்டி மூன்று முறை ஓடியது. டெஸ்க் தம்பி சிரித்தார்: "நிஜத்துலயும் அதான் சார் நடக்குது, பில்ல மாத்தி மாத்தி ஏத்துறோம்." ஆக, கடிகாரம் முதல் ஏற்றத்திலா, மூன்றாவதிலா?

எதிர்த்தவறு இன்னும் மோசம். பெருக்கலில் பிரித்துக் கூட்டலில் சேர்த்தால் ஒரே நாணயம் போய் நின்று, வராத மற்றவற்றுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

சேரும் இடத்தைக் கூட்டல் குறியாக்கி மறுபடி நகர்த்தியபோது இன்னொன்றும் தெரிந்தது. மருந்து ரிட்டர்ன் முடியாமல் ஃபைனல் பில் போடவே முடியாது. அவை இணையாக ஓடும் வேலைகளே அல்ல, ஒன்றன் பின் ஒன்று. கிளைகள் இரண்டுதான்.

மார்ச் 8, சனி

மூன்றாம் வரைவு வரை பென்சில். மென்பொருளில் அழகாகப் போட்டுவிட்டால் யாரும் திருத்தச் சொல்ல மாட்டார்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மார்ச் 10, திங்கள்

அறை வாடகைக் கழிவு: அறை வாடகை பாலிசி வரம்பைத் தாண்டினால் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படுவது. பாய்வு வரைபடத்தில் மூன்று சாய்சதுரம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அங்கிருந்து பிடுங்கித் தீர்மான அட்டவணையில் போட்டேன்.

கேள்விகள் மூன்று. வாடகை வரம்பைத் தாண்டியதா? மருத்துவமனை அறை வகைக்கேற்ப மற்றக் கட்டணங்களையும் மாற்றுகிறதா? இந்தச் செலவு விகிதக் கழிவுக்கு உட்பட்டதா? ஆம், இல்லை என்று 8 பத்தி (நெடுவரிசை). முதல் கேள்விக்கு இல்லை என்றால் மற்ற இரண்டும் பொருட்டல்ல, 4 பத்தி ஒன்றாகச் சுருங்கும். இரண்டாவதற்கு இல்லை என்றால் இன்னும் 2 பத்தி ஒன்றாகும். மிச்சம் 4. கழிவு விழுவது மூன்றுக்கும் ஆம் என்ற ஒரே பத்தியில்.

பில்லிங்கின் எக்செல் தாளில் இருப்பது வேறு. வரம்பு 5,000, எடுத்த அறை 8,000, ஆக விகிதம் 5/8. சர்ஜன் கட்டணம் 40,000, தியேட்டர் 16,000, இம்பிளான்ட் 60,000, மருந்து 24,000. தாள் மொத்தம் 1,40,000-ஐயும் 5/8-ஆல் பெருக்கி 87,500 என்கிறது. இம்பிளான்ட்டும் மருந்தும் கழிவுக்கு உட்படாது. 25,000 + 10,000 + 60,000 + 24,000, அதாவது 1,19,000 வர வேண்டும். 31,500 ரூபாய் குடும்பத்தின் தலையில். சாய்சதுரப் படத்தை ஏழெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மார்ச் 12, புதன்

கிளெய்மின் நிலை வரைபடம். 8 நிலை, 7 நிகழ்வு. படத்தை மட்டும் பார்த்தால் முழுமையாகத்தான் தெரியும். பக்கத்திலேயே 56 கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் நிரப்ப வேண்டும்: அடுத்த நிலை, அல்லது "நடக்காது". வெற்றுக் கட்டம் இருக்கக் கூடாது.

"கேள்வி நிலுவை" வரிசை, "நோயாளி இறப்பு" பத்தி. வெற்று. சிகிச்சையில் இறந்தால் கோரிக்கையை உடனே முடித்து உடலை உடனே கொடுக்க வழி செய்யும்படி அதே சுற்றறிக்கை சொல்கிறது. படத்தில் அதற்கு அம்பே இல்லை. வரைந்தேன்.

இன்று இத்தோடு போதும்.

மார்ச் 13, வியாழன்

கேள்விக் கடிதம் வந்தால் கடிகாரம் நிற்குமா? டைமரை (கடிகாரம் வரைந்த சின்ன வட்டக் குறி) எங்கே ஒட்டுகிறோமோ அதுதான் பதில். "டி.பி.ஏ. பரிசீலனை" பெட்டியின் விளிம்பில் ஒட்டினால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அந்தப் பெட்டி புதிதாகத் தொடங்கும், டைமரும் பூஜ்யத்திலிருந்து ஓடும். பரிசீலனை, கேள்வி, பதில் எல்லாவற்றையும் ஒரு துணைச் செயல்முறைக்குள் போட்டு அதன் வெளி விளிம்பில் ஒட்டினால் கேள்வி வந்தாலும் ஓட்டம் நிற்காது. ஒரு சின்ன வட்டத்தை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கொள்கையே மாறுகிறது.

வட்டத்திலும் தவறு. முழுக்கோட்டு இரட்டை வளையம் போட்டிருந்தார்கள். அது வேலையை நிறுத்திவிடும் வகை, 3 மணி நேரம் ஆனதும் அனுமதிப் பரிசீலனையே ரத்து. நமக்கு வேண்டியது விட்டுவிட்டு வரைந்த வளையம்: வேலை தொடரட்டும், பக்கவாட்டில் ஓர் எச்சரிக்கை கிளம்பட்டும்.

மார்ச் 14, வெள்ளி

வார்டு சிஸ்டரிடம் குறியீடுகளை விளக்கவில்லை. ஒரு பழைய கேஸின் நேரங்களைப் பெட்டிகளின் மேல் பென்சிலால் எழுதினேன். ரவுண்ட்ஸ் 9:10. சம்மரி 10:40. ரிட்டர்ன் 11:55. ஃபைனல் பில் 12:30. ஏற்றியது 12:50. கேள்வி 2:05. பதில் 2:40. அனுமதி 4:25.

ஏற்றியதிலிருந்து 3 மணி 35 நிமிடம். கேள்வி நேரத்தைக் கழித்தால் சரியாக 3. பதிலிலிருந்து புதிதாக எண்ணினால் 1 மணி 45 நிமிடம். ஒரே கேஸ், மூன்று கணக்கு, ஒன்றில் மட்டும் மீறல்.

சிஸ்டர் விரல் வைத்த இடம் வேறு. "9:10-லேர்ந்து 12:50 வரைக்கும் எங்ககிட்டதான சார் இருந்துச்சு?" 3 மணி 40 நிமிடம். அதற்கு எந்த டைமரும் வரையவில்லை நான்.

மார்ச் 17, திங்கள்

சிஸ்டரின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 19, புதன்

தரவு வரைபடத்தில் அட்மிஷனுக்கும் கிளெய்முக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று கோடு. தவறு. கம்பெனிப் பாலிசி தீர்ந்து சொந்தப் பாலிசிக்குப் போகும் கேஸ் உண்டு. கிளெய்ம் பக்கம் காக்கைக்கால் ("பல" என்பதற்கான முக்கிளைக் குறி) போட்டேன். கையிலிருந்து பணம் கட்டுபவருக்குக் கிளெய்மே இருக்காது, அதனால் அதே முனையில் பூஜ்யமும்.

இரண்டு கிளெய்ம் என்றால் இரண்டு கடிகாரம். கடவுளே.

மார்ச் 20, வியாழன்

மருத்துவமனைக்குப் படம் "ஒரே பக்கத்துல சிம்பிளா" வேண்டுமாம். 43 வடிவங்களை 11 ஆக்கித் தந்தேன். சுருக்கும்போது முதலில் பறிபோனது அந்த விட்டுவிட்டு வரைந்த வளையம்தான். அனுப்பிவிட்டுத்தான் கவனித்தேன். திரும்ப வாங்கிச் சேர்த்து அனுப்பினேன். 12.

மார்ச் 21, வெள்ளி

போர்டல் நேரமும் டெஸ்க் கம்ப்யூட்டர் நேரமும் 6 நிமிடம் வேறுபடுகின்றன. எதை எழுதுவது என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.