உப்பிய பேட்டரியோடு மூன்று நடை

லேப்டாப்பின் டச்பேட் சில வாரங்களாகவே சரியாக அழுந்தவில்லை, தூசி புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மேசையில் வைத்தபோது லேசாக ஆட, சந்தேகம் வந்து அடிமூடியைக் கழற்றினால் லித்தியம் பேட்டரியின் ஒரு செல் தலையணை மாதிரி உப்பியிருந்தது. வெள்ளி நிற உறை மேளத்தோல் போல விறைத்து, டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் தெரிந்தவர் ஒருவர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது வெறும் காற்று இல்லை, எலக்ட்ரோலைட் என்கிற, செல்லுக்குள் இருக்கும் ரசாயனத் திரவம் சிதைந்து உண்டான, தீப்பற்றக்கூடிய வாயு. குத்தும்போது மெல்லிய அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆனால் சில நொடிகளில் தீ பிடித்துவிடும், அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சும் வரும்.

கனெக்டரை விடுவித்து, திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தது சுலபமாகவே முடிந்தது. அலைச்சல் அப்புறம்தான்.

முதல் நடை, பழைய பேட்டரி போடும் பெட்டி வைத்திருக்கும் ஒரு கடைக்கு. "உள்ளே போட்டுட்டுப் போங்க" என்றார் ஊழியர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் எல்லா வகை பேட்டரியும் முனைகள் உரசக் குவிந்து கிடந்தன. எனக்குக் கை வரவில்லை. உப்பியது என்று எடுத்துக் காட்டியதும் பதறிப்போய், இதையெல்லாம் வாங்கமாட்டோம் என்றார். பெட்டியில் அப்படி ஒரு வரி எழுதியிருக்கவில்லை. நான் கேட்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் கோபம் வருகிறது.

இரண்டாவது நடை, அபாயக் கழிவுச் சேகரிப்பு மையத்துக்கு. அங்கே முனைகளில் டேப் ஒட்டவில்லை, கூடவே கொண்டுபோன பழைய கார்ட்லெஸ் போனின் நிக்கல்-காட்மியம் பேட்டரியும் அதே பையில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முனைகள் ஒன்றோடொன்று பட்டால் ஷார்ட் ஆகிவிடும், அதனால் காரணம் நியாயமானதுதான், ஆனால் நான் முந்தின நாள் போன் பண்ணிக் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். அதனால் நீங்கள் போன் பண்ணும்போது "உப்பியதை வாங்குவீர்களா, எப்படிக் கட்டிக் கொண்டுவர வேண்டும், எந்த நாளில் வரலாம்" என்று மூன்றையும் நீங்களாகவே கேட்டுவிடுங்கள். கூரியரில் அனுப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், சேதமான லித்தியம் பேட்டரியை அப்படியெல்லாம் அனுப்பக் கூடாது.

இடைப்பட்ட நாட்களில் அதை ஒரு பழைய மண்சட்டியில் உலர்ந்த மணலுக்குள் புதைத்து, வெயில் படாத பால்கனி மூலையில், பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாமல் வைத்திருந்தேன். இறுக்கி மூடவில்லை, வாயு வெளியேற வழி வேண்டும். ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து போய்ப் பார்ப்பேன். பேசாமல் குப்பைத்தொட்டியில் போட்டுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். குப்பை லாரி எல்லாவற்றையும் அழுத்தி நசுக்கும், நல்ல பேட்டரியே அங்கே தீப்பிடிக்கும், இது எம்மாத்திரம்! காட்மியமோ மண்ணிலும் நீரிலும் கலந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கிற உலோகம்.

மூன்றாவது நடையில் ஒவ்வொரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு நீட்டினேன். அங்கிருந்த அம்மா டேப்பை விரலால் தடவிப் பார்த்து, "இப்படித்தான் கொண்டுவரணும்" என்று சொல்லி மணல் நிரப்பிய இரும்பு டிரம்முக்குள் பதமாக இறக்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அன்றைக்கு ராத்திரி பால்கனிப் பக்கம் எழுந்து போகாமல் தூங்கினேன்.