நான்காவது சூளை

ஜூன் 4
டஸ்கீகி பள்ளியின் மூன்றாவது செங்கல் சூளை மறுபடி மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜூன் 5
டஸ்கீகி, அமெரிக்காவின் அலபாமா மாநிலம். 1881 ஜூலை 4 அன்று 30 பேரோடு தொடங்கிய, கறுப்பினத்தவருக்கான பள்ளி. கூரை ஒழுகும், மழை பெய்தால் ஒரு பையன் பாடத்தை நிறுத்திவிட்டு பள்ளியை நடத்திய ஆசிரியர் புக்கர் டி. வாஷிங்டனுக்குக் குடை பிடிப்பான். பிறகு 500 டாலருக்கு 100 ஏக்கர் பழைய பண்ணை. பாதிப் பணம், வாஷிங்டன் படித்த ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் மார்ஷல் கொடுத்த கைக்கடன். குதிரை லாயம், கோழிக்கொட்டகை எல்லாம் வகுப்பறை.

ஜூன் 8
கட்டடம் எழும்பச் செங்கல் வேண்டும். ஊரில் சூளையே கிடையாது. பல இடம் தோண்டித்தான் மண் அமைந்தது. முழங்கால் சேற்றில் நின்று கல் அறுக்க வேண்டும். பையன்கள் வெறுத்தார்கள், சிலர் பள்ளியை விட்டே போனார்கள். அடிமை வாழ்வு ஒழிந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. எழுத்துப் படிக்க வந்தவனைத் திரும்பச் சேற்றில் இறக்கினால் அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 9
சுமார் 25,000 கல் அறுத்தாயிற்று. அறுப்பது பெரிதில்லை, வேக்காடுதான் வித்தை. பச்சைக்கல் நன்றாகக் காயாமல் சூளை ஏறினால் உள்ளீரம் ஆவியாகிக் கல்லை வெடிக்கவைக்கும். அதனால் முதலில் சிறுதீ மட்டும். வெள்ளை ஆவி அடங்கிய பிறகே வாயில் விறகைக் கூட்டலாம். வெந்த கல் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் வெந்தால் அந்தப் பக்கம் இறங்கி, அடுக்கு மொத்தமும் சாயும். அவர்களுடைய முதல் சூளையில் அடுக்கும் சரியில்லை, எரிப்பும் சரியில்லை.

ஜூன் 10
இரண்டாவதும் போயிற்று.

ஜூன் 12
மூன்றாவதற்கு ஹாம்ப்டனில் தொழில் பழகிய ஆசிரியர்களே கைகொடுத்தார்கள். ஒரு வாரம் எரிய வேண்டும். வாரக் கடைசி, இன்னும் சில மணி நேரம்தான். நடுராத்திரியில் சரிந்தது.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 13
விடுதி மெத்தை: துணியை ஒட்டுத் தைத்துப் பை, உள்ளே பைன் மரச் சருகு. சாப்பாட்டுக்கூடம், கட்டடத்துக்கு அடியில் மாணவர்களே தோண்டிய பள்ளம்.

ஜூன் 15
கையில் காசில்லை. ஆசிரியர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். வாஷிங்டன் பக்கத்து நகரமான மாண்ட்கமரிக்குப் போய்த் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகுவைத்தார். நான்காவது சூளை வெந்தது. கெடு தாண்டி, கடிகாரம் மூழ்கிப்போனது. கல் நன்றாக இருந்ததால், அந்தப் பள்ளியை ஏற்காத வெள்ளைக்காரர்களும் வாங்க வந்தார்கள். 1900 வாக்கில் ஒரு பருவத்துக்கு 12 லட்சம் கல்.

ஜூன் 16
விட்டுப்போன பையன்களில் யாராவது அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்திருப்பார்களா?

ஜூன் 19
சமையல்கட்டு பற்றி எழுத வேண்டும். அறுந்த கிணற்றுக் கயிறு.