ஜெபத்துக்குப் பிறகு வரும் இரண்டு அத்தியாயங்கள்

விசுவாசத்தைத் தூண்டும் கிறிஸ்தவ நாவல் ஒன்றின் தரத்தை அதன் ஜெபக் காட்சியை வைத்து அளக்க முடியாது. கதாபாத்திரம் முழங்காலில் நிற்கிறது, அழுகிறது, "ஆண்டவரே, இனி என்னால் முடியாது" என்கிறது. சுமாராக எழுதத் தெரிந்தவர்கூட இந்த இடத்தில் வாசகரின் கண்ணை நனைத்துவிடுவார். பார்க்க வேண்டியது அடுத்து வரும் இரண்டு அத்தியாயங்களைத்தான். 320 பக்க நாவல் என்றால் மனந்திரும்பும் காட்சி பெரும்பாலும் 230க்கும் 260க்கும் நடுவில் விழும். அங்கே ஒரு தாளைச் செருகி வைத்துவிட்டு, அதன்பின் அந்த ஆளுக்கு என்ன செலவாகிறது என்று கவனியுங்கள். வேலை, பணம், நற்பெயர், பழைய சிநேகம், பழிவாங்கும் ஆசை, இவற்றில் ஏதாவது ஒன்று கையைவிட்டுப் போக வேண்டும். ஒன்றும் போகாமல், பத்துப் பக்கத்துக்குள் வியாதி நீங்கி, கடன் அடைந்து, கல்யாணமும் கூடிவந்துவிட்டால், அந்த ஜெபம் கதையின் பூட்டைத் திறக்க ஆசிரியர் கண்டெடுத்த சாவி, அவ்வளவுதான்.

1896-இல் வந்த 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்' நாவலை இதற்காகவே ஒருமுறை படிக்கலாம். சார்லஸ் ஷெல்டன் ஒரு போதகர். கான்சாஸ் மாநிலத்தின் டோபிகாவில் தம் சபையாருக்கு ஞாயிறு மாலைகளில் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டிய கதை இது. "இயேசு இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார்?" என்று கேட்காமல் ஒரு வருஷத்துக்கு எதையும் செய்வதில்லை என்று சிலர் பொருத்தனை செய்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் எட்வர்ட் நார்மன் மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம், குத்துச்சண்டைச் செய்தியை அச்சுக்குப் போகாமல் நிறுத்துவது. மாலையில் பேப்பர் விற்கும் பையன் வந்து, சண்டைச் செய்தி இல்லாததால் ஒன்றும் விற்கவில்லை என்று நிற்கிறான். நார்மன் அவன் கையில் மீந்த பிரதிகளை எண்ணிப் பார்த்துத் தம் பணப்பையிலிருந்து காசு கொடுக்கிறார். நடை பழையது, பிரசங்க வாடையும் உண்டு. ஆனாலும் மீந்த பேப்பர்களை எண்ணும் அந்தக் கை, விசுவாசம் பற்றிய நூறு வசனங்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

அதே நாவலில் குறையும் இருக்கிறது. நார்மனின் பத்திரிகை நஷ்டத்தில் தள்ளாடும்போது, வர்ஜீனியா பேஜ் என்ற பணக்காரப் பெண் 5 லட்சம் டாலர் தந்து தாங்கிக்கொள்கிறாள். அந்தத் தொகை வந்ததும் நார்மனின் தீர்மானத்தில் இருந்த ஆபத்து பாதியாகக் குறைந்துவிடுகிறது. ரயில்வே மேலாளர் பவர்ஸின் கதையில் அப்படி நடப்பதில்லை. தம் கம்பெனி சட்டத்தை மீறுவதற்கான ஆதாரம் கையில் கிடைக்க, அதை வெளியே கொடுத்துவிட்டு வேலையை விடுகிறார். பிறகு பழையபடி தந்தி இயக்கும் வேலைக்கே போகிறார். கதையில் அவருக்குக் கிடைக்கும் இடம் நார்மனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. என் மனசில் நிற்பவர் பவர்ஸ்தான்.

இந்த வகை நாவல்களில் மூன்று இழைகள் ஓடும்: வெளியே நடக்கும் கதை, இருவருக்கு இடையே வளரும் உறவு, விசுவாசம். மூன்றாவது இழை மற்ற இரண்டோடு முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வசனங்களையும் ஜெபங்களையும் மனசுக்குள் அடித்துவிட்டுக் கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதே முடிவுகளை அதே ஆட்கள் எடுத்தால் விசுவாசம் மேலே ஒட்டவைத்தது. பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் நடக்கின்றன, காரணமும் எளிது: எழுதுபவர் முதலில் காதல் கதையை யோசித்துவிட்டு, பிறகு எந்த அத்தியாயத்தில் போதகர் வந்து பேசுவார் என்று இடம் தேடுகிறார்.

அளவும் கதையை நெருக்கும். 1997-இல் தொடங்கிய 'லவ் இன்ஸ்பயர்டு' என்ற கிறிஸ்தவக் காதல் நாவல் வரிசையின் புத்தகங்கள் ஏறக்குறைய 55,000 சொல் கொண்டவை. அதற்குள் இருவர் சந்தித்து, பிணங்கி, சேர்ந்து, கடவுளோடும் ஒப்புரவாக வேண்டும். அதனால்தான் இந்தச் சிறு நாவல்களில் வருகிறவர்களில் பலர் முன்பு விசுவாசமாக இருந்து, ஏதோ ஓர் இழப்பில் சபையைவிட்டு விலகியவர்களாக இருக்கிறார்கள். ஒன்றுமே நம்பாத ஒருவரை அத்தனை பக்கத்துக்குள் நம்பவைத்தால் அவசரம் தெரிந்துவிடும். சிறு நாவலில் முழு மனமாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், திரும்பி வருகிற கதையாகப் படியுங்கள்; ஏமாற்றம் இருக்காது.

இயேசுவையே பாத்திரமாகக் கொண்டுவரும் சரித்திர நாவல்களுக்கு அளவுகோல் வேறு. எவ்வளவு குறைவாகப் பேசவைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. லூ வாலஸ் 1880-இல் எழுதிய 'பென்ஹர்' நாவலில், கைதியாக நடத்திச் செல்லப்படும் நாயகன் யூதாவுக்கு நாசரேத்துக் கிணற்றடியில் ஓர் இளைஞன் தண்ணீர் கொடுக்கிறான். ஒரு பேச்சும் இல்லை. நெடும்பக்கங்கள் கழித்து, சிலுவையருகே அந்தத் தண்ணீர் ஞாபகம் வர, யூதா கடற்காளானைத் தோய்த்து எடுத்துக்கொண்டு ஓடுகிறான். நடுவில் வரும் தேரோட்டத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் நாவலின் எலும்பு தெரியும்.

துக்கக் காட்சிகளில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வீட்டுக்குள் சிநேகிதி நுழைந்து அரைப் பக்கத்துக்குள் வசனம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாள். வேதத்தில் பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள்கூட ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் தப்பு தொடங்கியது. இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிற இயேசுவும் முதலில் அழுதார். நாவலாசிரியர் அந்த மௌனத்துக்கு ஒரு பக்கமாவது கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

வசனம் வருகிற இடமெல்லாம் வேதாகமத்தைத் திறந்து, முன்னும் பின்னும் ஐந்து வசனம் படிப்பது நல்ல பழக்கம். எரேமியா 29:11 இந்த நாவல்களில் அடிக்கடி வரும்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்ற வாக்கு. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போய் இதைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பி வருவதைப் பார்க்கப் போவதில்லை. அந்த எழுபது வருஷத்தையும் கதைக்குள் கொண்டுவரும் ஆசிரியரை நம்பலாம். மூன்று வாரத்தில் நிறைவேறும் வாக்காக மாற்றுகிறவர், துக்கத்தில் இருக்கும் வாசகரைக் காயப்படுத்துகிறார் என்றே சொல்வேன்.

ஃபிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' நாவல், துரோகம் செய்த மனைவியைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட தீர்க்கதரிசி ஓசியாவின் கதையை 1850-களின் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோகிறது. முதலில் 1991-இல் பொது வாசகர்களுக்காக வந்து, 1997-இல் கிறிஸ்தவப் பதிப்பாகத் திருத்தி வெளியான புத்தகம். வேதத்தில் ஓசியா தன் மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்துத் திரும்பக் கொள்கிறான். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாவலுக்கு வேலை. நாவலின் நாயகி ஏஞ்சல் திரும்பத் திரும்ப ஓடிப்போவதை ரிவர்ஸ் சுருக்கவில்லை. ஒரே ஜெபத்தில் அவளைச் சரியாக்கியிருந்தால் கதை நூறு பக்கம் குறைந்திருக்கும், நம்பிக்கையும் போயிருக்கும்.

வில்லன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவிசுவாசி எல்லாரும் கெட்டவர், சபைக்குப் போகிறவர் எல்லாரும் நல்லவர் என்றால் புத்தகத்தை மூடிவிடலாம்.

தமிழில் படிக்கும்போது இன்னொரு சிக்கல். ஜெபத்தில் நாம் கடவுளை "நீர்" என்போம். அதில் மரியாதையும் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் "நீங்கள்" என்று போட்டால் மனுக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். வசனத்தை ஆங்கிலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்ப்பதும் தவறு. வாசகர் மனப்பாடமாக அறிந்த வேதாகமத்தின் சொற்களிலேயே வந்தால்தான் கதாபாத்திரம் பாதி சொன்னதும் மீதி தானாக உள்ளே ஒலிக்கும்.

வாசிப்புக் குழுவில் படிப்பதானால் 320 பக்கத்தை வாரம் 80 பக்கமாக நான்காகப் பிரியுங்கள். மூன்றாம் வாரப் பகுதி மட்டும் மனந்திரும்பும் காட்சிக்கு ஒரு அத்தியாயம் முன்னால் நிற்கட்டும், பக்கக் கணக்கு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பரவாயில்லை. "இந்த ஆள் இப்போது எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்?" என்று அன்றைக்கே கேட்டு, பதில்களை எழுதி வையுங்கள். நான்காம் வாரம் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பல நாவல்களின் கடைசியில் "ஒரு வருஷத்துக்குப் பிறகு" என்று தொட்டிலும் குழந்தையுமாக நான்கு பக்கம் இருக்கும். அதைக் கூட்டம் முடிந்தபின் வீட்டில் படித்துக்கொள்ளலாம்.